வேலை கிடைக்குமா, வரன் கிடைக்குமா?

பிளஸ் டூ மாணவி, கீரமங்கலம்: சமூகப்பணி படிக்கப் போகிறேன் என்றால், 'ஊருக்கு உழைக்க நல்ல மனசு போதாதா, அதுக்கு ஒரு படிப்பா?' என்கிறார் அப்பா.

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனதே, அப்போது நல்ல மனசுக்குப் பஞ்சமே இல்லை. லாரி லாரியாக வந்தது. ஆனால் மெயின் ரோட்டு ஊர்களில் குவிகிறது, உள்ளே இருக்கும் ஊர்களுக்கு எட்டவில்லை என்ற புகாரும் கூடவே வந்தது. பட்டா இல்லாத குத்தகைக்காரர் கணக்கெடுப்பில் விடுபட்டால் அவர் எந்த மேசையில் போய் நிற்பது? லாரியை அனுப்ப மனசு போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எந்தத் தெருவில் நிறுத்துவது என்று தெரியத்தான் படிப்பு.

பட்டதாரி, அறந்தாங்கி: நான் பி.எஸ்சி. வேதியியல். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர முடியுமா? எங்கே?

தாராளமாக. பெரும்பாலான கல்லூரிகள் எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை. இரண்டு வருடப் படிப்பு. பக்கத்தில் என்றால் திருச்சி: பிஷப் ஹீபர் கல்லூரி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை. சென்னை என்றால் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி. கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. விண்ணப்பம் வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: 'களப்பணிக்கு எங்கே அனுப்புகிறீர்கள்?' பதில் சொல்லத் தடுமாறினால், கேன்டீன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு தந்தை, பொன்னமராவதி: மகள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். கேட்டால் களப்பணி என்கிறாள். அதில் என்ன படிக்க முடியும்?

மற்ற மூன்று நாள் படித்ததெல்லாம் உண்மையா என்று அங்கேதான் தெரியும். உதாரணம் சொல்கிறேன். கல்குவாரிப் பக்கத்து ஊரில் ஒரு சிறுமி பள்ளிக்கு வருவதில்லை. முதல் நாள் போய்க் கேட்டால் 'காய்ச்சல்' என்பார்கள். அடுத்த வாரம் போனால் 'அவளுக்குப் படிப்பு ஏறல'. மூன்றாவது தடவை, திண்ணையில் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதுதான் வரும்: அம்மா கல் உடைக்கப் போகிறாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அப்பா வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. ஆக, பிரச்சினை பள்ளிக்கூடத்தில் இல்லை. அங்கன்வாடியிலும் கடனிலும் இருக்கிறது. முதல் பதிலோடு திரும்பி வருகிறவர் 'பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதிவிடுவார். மூன்றாவது பதில் வரை காத்திருக்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. அன்றிரவே அத்தனையையும் எழுதி வைக்க வேண்டும், பேராசிரியர் திருத்துவார். மகள் வீடு திரும்பியதும் மோர் கொடுங்கள். அறிவுரை வேண்டாம், பகல் முழுக்க யாருக்கும் அறிவுரை சொல்லாமல் இருந்து களைத்திருப்பாள்.

ஒரு தாய், திருமயம்: பையன் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஆலோசகராக இருக்கிறான். பெண் வீட்டார் 'என்ன வேலை' என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

'கவுன்சலர்' என்று சொல்லுங்கள் அம்மா. பாதிப் பேர் காதில் 'கவுன்சிலர்' என்று விழும். வரன் தானாக வரும்.

வேலை தேடுபவர், இலுப்பூர்: உண்மையைச் சொல்லுங்கள். வேலை இருக்கிறதா? சம்பளம்?

வேலை இருக்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வரும் அழைப்பின் மறுமுனையில் நம் ஆட்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சேவை மையம், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையம், மாவட்ட மனநலத் திட்டம் எல்லாவற்றிலும் இடமுண்டு. மனநலத்தில் ஆழமாகப் போக பெங்களூரு நிம்ஹான்ஸில் மேற்படிப்பு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக நன்னடத்தை அலுவலர் ஆகலாம். பெரிய தொழிற்சாலைக்கு நல அலுவலர் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் போட்டார்கள். அந்த வாசல் வழியாக மனிதவளத் துறைக்குள் போனவர்கள்தான் காரில் வருகிறார்கள்.

சம்பளம்? திட்டப் பணிகளில் பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்தம். பகலில் அடுத்தவர் உரிமைக்கு மனு எழுதிவிட்டு, மார்ச் மாதம் தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மனு எழுதுகிறவர்தான் நம் சமூகப்பணியாளர். குழந்தைகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்ட அரசு, அந்தப் பாதுகாவலரை வருடக் கணக்கில் 'தற்காலிகம்' என்று வைத்திருப்பது வெட்கக்கேடு.

வாசகி, புதுக்கோட்டை: முத்துலட்சுமி ரெட்டி எம்.எஸ்.டபிள்யூ. படித்தாரா என்ன?

வாய்ப்பே இல்லை. அவர் உங்கள் ஊரில் பிறந்தது 1886. இந்தியாவில் இந்தப் படிப்புக்கென முதல் கல்லூரியை டாட்டா அறக்கட்டளை பம்பாயில் திறந்தது 1936. அதற்குள் இவர் மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்து, டாக்டராகி, 1927-ல் சென்னை சட்டசபைக்கும் போய்விட்டார். ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அது முழுச் சட்டமாகி முடிய 1947 ஆனது. அதிலிருந்து வெளியே வரும் பெண் பிள்ளைகள் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று யோசித்து, சட்டத்துக்குக் காத்திராமல் 1930 வாக்கிலேயே அவ்வை இல்லம் தொடங்கினார். அவர் படிக்கவில்லை. அவரைத்தான் நாம் படிக்கிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கந்தர்வகோட்டை: 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை இந்தப் புதுக்கோட்டை மாவட்டமே தூக்கிச் சுமந்தது. எங்களில் யாரிடம் ஐயா பட்டம் இருந்தது?

வணக்கம் ஐயா. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் சைக்கிள் இல்லை. பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களே மிதித்துப் போனார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து எழுதியதால் உலகமே படித்தது. கல்குவாரியில் கூலியாக இருந்த பெண்கள் குவாரியைக் குத்தகைக்கே எடுத்தார்கள். இயக்கத்துக்குப் பட்டம் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்சியருக்கு மாற்றல் வரும், தொண்டருக்குக் கல்யாணமாகும். அதன் பிறகும் அதே ஊருக்குப் போய், அதே பெண்களோடு கணக்கு நோட்டைப் பிரித்து உட்கார மாதச் சம்பளத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

மாணவர், அன்னவாசல்: வேங்கைவயலில் ஒரு சமூகப்பணியாளர் என்ன செய்திருக்க முடியும்?

2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது குற்றம். விசாரணை போலீஸ் வேலை. இரு தரப்பையும் உட்கார வைத்து 'சமாதானமாகப் போங்கள்' என்று டீ வாங்கிக் கொடுப்பது சமூகப்பணி ஆகாது. அந்தப் பகுதி டீக்கடையிலேயே இரட்டைக் குவளை இருந்ததை ஆட்சியர் நேரில் கண்டறிந்தார், மறக்க வேண்டாம். 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் நிவாரணம் கைக்கு வந்ததா, பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்குப் போகிறார்களா, குடிக்கும் தண்ணீரை நம்புகிறார்களா என்று கேமராக்கள் போன பிறகும் போய்ப் பார்ப்பதுதான் வேலை. இதில் நடுநிலை கிடையாது.

வாசகர், கறம்பக்குடி: லண்டனில் இந்த வேலைக்கு மதிப்பாமே?

ஆம். இங்கிலாந்தில் அரசு அமைப்பில் பதிவு செய்யாமல் 'சமூகப்பணியாளர்' என்று போட்டுக்கொண்டால் வழக்கு பாயும். இங்கே அச்சகத்துக்குப் போய் 'சமூக ஆர்வலர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். மாலையே டிவி விவாதத்துக்குக் கூப்பிடுவார்கள்.