பிரஷரைப் பத்திரமாகப் பாதுகாப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நூற்றுக்கு ஏழு பேர்தான் சொதப்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் சாதித்துக் காட்டியவர்கள்.

இப்போது காலம் கெட்டுவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து, பிரஷர் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம் இது. இதையும் மீறிப் பிரஷரைக் காப்பாற்ற விரும்புவோருக்காகவே இந்தக் கையேடு.

1. கையை நீட்டாதீர்கள்

பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. உங்கள் பெரிய பலம் அதுதான். “தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கு ஏன் பிரஷர்?” என்று கேளுங்கள். 140/90 என்பது கருவிக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. உலக அளவில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட்டம் பெரிது, தைரியமாகச் சேர்ந்துகொள்ளுங்கள்.

தன்னார்வலர் பையும் நோட்டுமாகப் படியேறி வந்து, “அண்ணே, அஞ்சு நிமிஷம் உக்காருங்க, பாத்துடறேன்” என்பார். “வேலைக்குக் கிளம்பிட்டேன்மா, அடுத்த தடவை பாக்கலாம்” என்று செருப்பை மாட்டுங்கள். அடுத்த தடவையும் செருப்பு அங்கேயேதான் இருக்கும்.

2. மாட்டிக்கொண்டால் எண்ணைக் குழப்புங்கள்

முறைப்படி அளப்பதென்றால், அரை மணி நேரத்துக்கு முன்பே காபியையும் பீடியையும் நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. எனவே காபி டம்ளரை வைத்த கையோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்லி, சகலையின் வீட்டுக் கடனைப் பற்றி ஆரம்பித்துவிடுங்கள். 170 வந்தால், “நடந்து வந்தேன்ல, அதான்” என்று தள்ளிவிடலாம். மறுபடி ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அப்போதும் 170 வந்துவிட்டால் சாக்கு தீர்ந்துவிடும்.

3. மாத்திரையை உரிய நேரத்தில் நிறுத்துங்கள்

அம்லோடிபின் 5 மி.கி. எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மாதம் போடுங்கள். 128/80 வந்ததும், “சரியாப் போச்சு” என்று அறிவித்து நிறுத்திவிடுங்கள். அந்த 128-ஐக் கொண்டுவந்ததே மாத்திரைதான் என்று யாராவது விளக்க வந்தால், “ஆரம்பிச்சா காலம் பூரா போடணுமாமே” என்று பேச்சை மாற்றுங்கள். மூக்குக் கண்ணாடியைக் காலம் பூரா போடுவது பற்றி உங்களுக்குப் புகார் இல்லை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கணுக்கால் வீங்கலாம், சிலருக்கு இந்த மாத்திரையால் அப்படி வரும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆகவே அவரைத் தவிர எல்லோரிடமும் சொல்லுங்கள்.

4. உப்பில் கைவையுங்கள், குறைக்காதீர்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சாம்பாரில் ஒரு சிட்டிகையைக் குறைத்த தியாகத்துக்கு ஈடாக, மோர்மிளகாய், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், ஞாயிற்றுக்கிழமை கருவாடு ஆகியவற்றில் வட்டியோடு வசூலித்துக்கொள்ளுங்கள். மனசாட்சி உறுத்தினால் இந்துப்புக்கு மாறுங்கள். விலை கூடும், சோடியம் ஏறக்குறைய அதேதான்.

5. நிர்வாகத்துக்குச் சில யோசனைகள்

மக்களை மட்டும் நம்பி இந்தக் காரியத்தை விட முடியாது. கட்டட வேலைக்குப் போகிறவர் வீட்டில் இல்லாத பதினோரு மணிக்கே வீடு வீடாகப் போகச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போகும்படி வரிசையை வையுங்கள். ஒரு முறை “மாத்திரை ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்றால் போதும், பலர் அடுத்த வருஷம்தான் வருவார்கள். வெயிலில் தெருத் தெருவாக நடக்கும் பெண்களுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்றே சொல்லுங்கள். பிறகு, “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்று கருத்தரங்கில் வருத்தப்படலாம்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகம்

கே: இவ்வளவு பாடுபட்டால் பலன் எப்போது தெரியும்?

ப: பொறுமை வேண்டும். பல வருஷம் ஒன்றுமே தெரியாது. பிறகு மூளையிலோ, இதயத்திலோ, சிறுநீரகத்திலோ தெரியும். சிறுநீரகம் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வேலை இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று அங்கே சொல்லிப் பாருங்கள்.