உச்சவரம்பும் ஓர் உறுதியும்

மாதம் முதலாம் திகதி காலை ஏழு மணிக்கு, கொம்பனித்தெருவில் எங்கள் தோட்டத்துக்குள் ஒரு குடை நுழையும். குடைக்குக் கீழே வீட்டுக்காரர். அவர் கக்கத்தில் ரிசீட் புத்தகம். தோட்டம் என்றதும் பூஞ்செடிகளைத் தேடாதீர்கள். பதினான்கு வீடுகள், இரண்டு பைப், மூன்று கக்கூஸ். கொழும்பில் அதற்குப் பெயர் தோட்டம். வாடகை வாங்கும் நேரத்தில் யாராவது கூரையைப் பற்றி வாயெடுத்தால், “மழைக்குத்தானே ஒழுகுது, வெயிலுக்கா ஒழுகுது?” என்று கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

1973ஆம் ஆண்டு தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தக் குடை வருவது நின்றுவிட்டது.

காரணம் பீட்டர் கெனமன். வீடமைப்பு, நிர்மாணத்துறை அமைச்சர். பறங்கி இனத்தவர், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகன். றோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், அங்கே மாணவர் விவாத சங்கத்துக்கே தலைவராக இருந்துவிட்டு வந்தவர். “அவ்வளவு படிச்சும் கொம்யூனிஸ்ட்” என்று அப்பா முடிப்பார். மெச்சுகிறாரா, வருந்துகிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது கெனமன்தான் பொதுச் செயலாளர். 1947இலிருந்து கொழும்பு மத்தியின் எம்.பி. மூன்று பேரைத் தெரிவு செய்யும் தொகுதி அது. அந்த முதல் தேர்தலில் வென்ற மூவர்: தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, ஸாஹிராக் கல்லூரியை வளர்த்த மலாய்க்காரர் டி. பி. ஜாயா, கெனமன். ஒரே ரிக்‌ஷாவில் ஏறச் சம்மதிக்காத மூன்று பேரை ஒரே தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. கெனமன் அமைச்சரானது அதற்கு 23 வருடம் கழித்து, சிறிமாவோ அம்மையாரின் கூட்டணி ஆட்சியில்.

அவர் கொண்டுவந்த 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டது. கணவன், மனைவி, அவர்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள் சேர்ந்த குடும்பத்துக்கு இரண்டு வீடு. அதோடு பிள்ளைக்கு ஒன்று. மிச்சத்தைக் குடியிருப்பவருக்கு விற்கலாம். இல்லாவிட்டால் அது வீடமைப்பு ஆணையாளரிடம் போய்ச் சேரும். அதுவரை வீடுகளை மட்டும் எண்ணிவந்த எங்கள் முதலாளி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளைகளை எண்ணினார். நான்குதான் தேறியது. “இன்னும் ரெண்டு பெத்திருக்கலாமே” என்று பக்கத்து வீட்டு மலாய் மாமி, பாபத்துக்கு மாட்டுக் குடல் கழுவிக்கொண்டே அனுதாபப்பட்டார்.

எங்கள் வீடு மிச்சத்தில் விழுந்தது. சில வருடம் இழுபட்டு, உறுதி கையில் வந்தது. வடக்கே மலாய் மாமியின் சுவர், தெற்கே கான், கிழக்கே பைப்படி என்று எல்லைகள் எழுதிய முத்திரைத் தாள். அப்பா அதை பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டினார். கூரை மட்டும் அப்படியே ஒழுகியது. திட்டுவதற்கு இப்போது முதலாளியும் இல்லை. வாடகைக்கு வீடு கட்டும் பழக்கமும் ஊரில் அடங்கிப்போனது. புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் வீடு தேடி அலைந்தார்கள்.

1977இல் தேர்தல் வந்தது. வீடு இருந்தது, பாண் இல்லை. விடியற்காலைக் கியூவில் நின்று களைத்த அப்பா, உறுதியை ஒரு பெட்டியிலும் வாக்கை வேறு பெட்டியிலும் போட்டுவிட்டு வந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்குத்தான். இடதுசாரிகளுக்கு ஓர் ஆசனமும் மிஞ்சவில்லை. 30 வருட எம்.பி. கெனமன் வீட்டுக்குப் போனார். வீடமைப்பு அமைச்சு ஆர். பிரேமதாசவிடம் போனது. அவரும் கொழும்பு மத்திதான். அந்த நாற்காலி தொகுதியை விட்டு வெளியே போகவில்லை. ஒருவர் இருக்கிற வீட்டைப் பங்கிட்டார். மற்றவர் இல்லாத வீட்டைக் கட்டக் கிளம்பினார், முதலில் இலட்சம், பிறகு பத்து இலட்சம். கெனமன் 1997 ஜனவரியில் காலமானபோது, பத்திரிகையை மடித்துவைத்த அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார்.

பிறகு ஒரு நாள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி எங்களுக்கும் கடிதம் வந்தது. அபிவிருத்தியாம். யார் அனுப்பினார்கள் என்பதை விடுங்கள். கடிதங்களுக்குக் கையெழுத்து இருக்கும், முகம் இருக்காது. இப்போது நகரத்தின் இன்னொரு மூலையில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறேன். எப்போதாவது பேரனைக் கூட்டிக்கொண்டு கொம்பனித்தெரு ஸ்டேஷனில் இறங்குவேன். பேரை வாவிக் கரையில் அல்டெயர் கோபுரம்: ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு அடுக்குமாடிகள், அறுபதுக்கு மேல் மாடிகள். வெளிநாட்டுக் கட்டடக் கலைஞரின் கைவண்ணம் என்கிறார்கள். எங்கள் பதினான்கு வீடுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துதான் நின்றன; அதை யாரும் கலை என்று சொல்லவில்லை.

2022இல் இந்த இடத்தின் பெயர் மூன்று மொழியிலும், கொம்பனித்தெருவின் சிங்களப் பெயரான ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்றே இருக்கவேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. ஒல்லாந்தர் காலத்து அடிமைகளை நினைவூட்டிய ஆங்கிலப் பெயர் தொலைந்தது நல்லதே. கொம்பனி மட்டும் நின்றுவிட்டது. அதுவும் சரிதான், தெருவில் இப்போது கொம்பனிகள்தானே குடியிருக்கின்றன.

மாதம் முதலாம் திகதி காலையில் இப்போது குடை வருவதில்லை. தவணைப் பணத்தை ஞாபகப்படுத்தி எஸ்.எம்.எஸ். வருகிறது. உறுதி இன்னும் வரவில்லை. மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் குசினிக்குள் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு வாளி வைத்திருக்கிறோம். பழைய முதலாளி உயிரோடு இருந்தால் தேடிப்போய்ச் சொல்லியிருப்பேன்: “முதலாளி, இது வெயிலுக்கும் ஒழுகுது.”