கூலிங் கிளாஸ் யார் போடலாம்

1992 பொங்கலுக்கு வந்த ‘மன்னன்’ படத்தைத் தொலைக்காட்சி எத்தனை முறை போட்டாலும் எங்கள் விருத்தாசலம் உட்கார்ந்து பார்க்கிறது. விஜயசாந்தி ஆலை முதலாளி. ரஜினிகாந்த் அதே ஆலையின் தொழிலாளி, பிறகு சங்கத் தலைவர். அவள் அறைகிறாள், அவன் திருப்பி அறைகிறான். சங்கத்தை உடைக்க முடியாத முதலாளியம்மா, சங்கத் தலைவனையே கட்டிக்கொண்டு அவனை அடக்கப் பார்க்கிறாள். வர்க்கப் போராட்டம் அன்று முதல் பள்ளியறையில் நடக்கிறது.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்? கூலி எவ்வளவு ஏறியது, லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு வந்ததா என்றெல்லாம் கேட்கக் கூடாது. முதலாளியம்மா திருந்தி இல்லத்தரசியாகிவிடுகிறார், அவ்வளவுதான். கார்ல் மார்க்ஸ் ஆயுள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலுக்கு இயக்குநர் பி. வாசு கண்ட தீர்வு, முதலாளியை அடுப்படிக்கு அனுப்புவது. ஆலை? அது குடும்பத்தைவிட்டு எங்கே போகப்போகிறது! மாப்பிள்ளையும் குடும்பம்தானே.

வாசுவை மட்டும் சொல்லிப் பயனில்லை. கன்னடத்தில் ராஜ்குமார் 1986-இலேயே இந்த வைத்தியத்தைச் செய்துவிட்டார். தெலுங்கில் சிரஞ்சீவி செய்தார். இந்தியில் அனில் கபூர், ஸ்ரீதேவிக்குச் செய்தார். நாலு மொழி, நாலு கதாநாயகர்கள், ஒரே மருந்து. போலியோ சொட்டு மருந்துகூட இந்த நாட்டில் இவ்வளவு ஒற்றுமையாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

படம் சிரிக்க வைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ரஜினியும் கவுண்டமணியும் ‘சின்னத்தம்பி’ பார்க்க வரிசையில் நின்று, முதல் டிக்கெட் வாங்கியவர்கள் என்று பரிசும் வாங்கி, அதனாலேயே முதலாளியிடம் மாட்டிக்கொள்ளும் காட்சிக்கு இன்றும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சிரிப்புக் காட்டியே ஊசி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த ஊசி பழையது. 1972-இல் பி. மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’வில் சிவாஜி சோழவந்தான் மூக்கையன், ஜெயலலிதா லண்டன் ரிட்டர்ன் கல்பனா. மனைவிக்குப் பட்டணத்து நாகரிகம் தலைக்கேறினால் புருஷன் சாட்டையை எடுக்கிறான். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்து, பெண் முதலாளியை வீட்டுக்கு அனுப்பும் ‘மன்னன்’ ஓடிக்கொண்டிருந்தபோது கோட்டையில் முதலமைச்சராக உட்கார்ந்திருந்தவர் அதே கல்பனாதான். அமைச்சர்கள் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டு, மாலையில் தியேட்டருக்குப் போய் அடங்காத பெண்ணுக்கு விழும் அறைக்குக் கைதட்டியிருப்பார்கள். தமிழ் ஆணின் மனம் இரண்டையும் ஒரே நாளில் செய்யக்கூடிய அளவுக்கு விசாலமானது.

ஶ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) இந்த வரிசையில் கொஞ்சம் நாகரிகமானது. அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஏழைக் காதலன் நண்பனுக்குக் கிழவேஷம் போட்டுப் பணக்கார அப்பாவாக்குகிறான், டி.எஸ். பாலையா பணத்தின் வாசனையை மோந்து மயங்குகிறார். பணக்காரனை ஏமாற்ற ஒரு மீசையும் ஒரு கைத்தடியும் போதும் என்று அந்தப் படம் நம்புகிறது. நல்ல நம்பிக்கை.

எல்லாவற்றிலும் ஓடுகிற சட்டம் ஒன்றுதான். பணக்கார ஆண் ஏழைப் பெண்ணைக் கட்டினால் அது பெருந்தன்மை. ஏழை ஆண் பணக்காரப் பெண்ணைக் கட்டினால் அவளை அடக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. இரண்டிலும் நடுவில் நிற்கும் சுவர் பணம் மட்டுமே. பணச்சுவரை இடிப்பது சுலபம். ஒரு பாட்டில் இடித்துவிடலாம். வேறு எந்தச் சுவரும் தமிழ்த் திரைக் கல்யாணத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘சின்னக் கவுண்டர்’ படத்தின் பெயரிலேயே சாதி இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய வீட்டுக்காரர் கட்டிக்கொள்ளும் ஆடு மேய்க்கும் தெய்வானை ஏழை என்பதற்கு மேல் படம் நம்மிடம் எதையும் சொல்ல விரும்புவதில்லை. அந்தச் சின்னக் கவுண்டரைத்தான், விஜயகாந்தை, 2006-இல் எங்கள் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் கட்சி அந்தத் தேர்தலில் ஜெயித்த ஒரே இடம் விருத்தாசலம். திரையில் ஏழைப் பெண்ணுக்குத் தாலி கட்டும் நாயகனை இந்த மண் எவ்வளவு நேசிக்கிறது பாருங்கள்.

எங்கள் ஊரில் ஆலை என்றால் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் இங்கே வருகிறது. அதைக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, எடுத்துக் காயவைத்து, பிசிறு சீவி, மெருகில் தோய்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைத்தால் டீக் கோப்பை, கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கேரியர், கக்கூஸ் பேசின். தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகம் உண்டு, தொழில்பேட்டை உண்டு. ‘மன்னன்’ ஆலையில் என்ன உற்பத்தியாகிறது என்று படம் பார்த்துவிட்டு வருகிறவனைக் கேளுங்கள், முழிப்பான். பிசிறு சீவுகிற பெண்ணைக் கேளுங்கள். உற்பத்தியாவது மூக்கில் ஏறும் வெள்ளைத் தூசி என்று சொல்லுவாள். அவளை அடக்கி வைக்க இதுவரை எந்த சூப்பர் ஸ்டாரும் தேவைப்படவில்லை. வாரக்கூலி போதுமானதாக இருக்கிறது. கோப்பையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எந்தக் குவளையில் யார் குடிக்கலாம் என்பதற்குத்தான் தமிழ்நாட்டு டீக்கடைகள் தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தன.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரை வைத்துக்கொண்டு புதுமைப்பித்தன் ஏன் அவ்வளவு கசப்பாக எழுதினார் என்று எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. போகட்டும். இந்த ஊரிலேயே ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. அதைக் கோடம்பாக்கத்தில் ஒரு நகைச்சுவைப் படத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோனால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

“பையன் என்ன பண்றான் தம்பி?”

“பொறியியல் படிச்சவன் சார். கெமிக்கல்.”

“பொண்ணு?”

“அதுவும் பட்டதாரி. அப்பா ஊராட்சித் தலைவர்.”

“ரெண்டு பேரும் படிச்சவங்க. அப்புறம் இடைவெளி எங்க இருக்கு? பையனை மெக்கானிக் ஆக்கு. அழுக்குச் சட்டை, வாயில பீடி. அப்பத்தான் ஜனங்களுக்குப் புரியும்.”

“வேற சாதி சார். பையன் காலனி.”

“யோவ், அந்த வார்த்தையை முதல்ல எடு. ‘அந்தஸ்து’ன்னு போடு. தென்னாற்காடு ஏரியா விக்கணுமா வேண்டாமா?”

“சரிங்க சார். கல்யாணம் 2003 மே 5. கடலூர்ல, பதிவாளர் ஆபீஸ்ல. யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடறாங்க.”

“அடடே! ரகசியக் கல்யாணம்! இது காமெடிக்குத் தங்கம்யா. அப்பாவுக்குத் தெரியுது, துரத்துறாரு, ஆள் மாறாட்டம்... மேல சொல்லு.”

“ஜூலை 8. ரெண்டு பேரையும் பிடிச்சு ஊருக்குக் கொண்டுவர்றாங்க. காதுலயும் மூக்குலயும் விஷத்தை ஊத்தி, எரிச்சுடறாங்க.”

தயாரிப்பாளர் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

புதுக்கூரைப்பேட்டை விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர். முருகேசன்–கண்ணகி வழக்கு என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அவன் பட்டியல் சாதி, அவள் வன்னியர். அவனுடைய பட்டம் அவனைக் காப்பாற்றவில்லை. தலைவர் மகள் என்பது அவளைக் காப்பாற்றவில்லை. ஏழை மாப்பிள்ளை படித்து, சம்பாதித்து, மாமனாரின் மனத்தை வெல்வான் என்று அறுபது வருடமாக நமக்கு டிக்கெட் விற்றார்களே, அந்த மாப்பிள்ளை எங்கள் ஊரில் பி.இ. படித்துவிட்டுத்தான் வந்தான். இங்கே இடைவெளி பணத்தில் இல்லை. இருந்திருந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சீர்வரிசையில் பேசித் தீர்த்திருப்பார்கள்.

காவல் நிலையம் உடனே வழக்குப் பதியவில்லை. விஷயம் வெளியே வந்து நாறிய பிறகு பதிந்தார்கள். அதிலும் ஒரு திரைக்கதை செய்தார்கள் பாருங்கள், அதற்கு விருதே தரலாம். பெண்ணை அவள் சாதிக்காரர்கள் கொன்றார்களாம், பையனை அவன் சாதிக்காரர்களே கொன்றார்களாம். இரு தரப்பிலும் சம அளவில் ஆட்களைப் பிடித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் மீதே பிள்ளையைக் கொன்ற பழி. சமத்துவம் என்றால் இதுவல்லவா! சாலையில், கிணற்றில், சுடுகாட்டில் கொடுக்க முடியாத சம உரிமையை முதல் தகவல் அறிக்கையில் கொடுத்தார்கள்.

2004-இல் வழக்கு சிபிஐக்குப் போனது. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொன்னது 2021 செப்டம்பரில். அதில் இரண்டு பேர் காவல்துறையினர். ஒருவருக்கு விதித்த தூக்கை உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு ஆயுளாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது 2025 ஏப்ரலில். கண்ணகியும் முருகேசனும் கணவன் மனைவியாக இருந்தது இரண்டு மாதம். அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று இந்த நாடு முடிவுக்கு வர இருபத்திரண்டு வருடம். இதற்கிடையில் இங்கே எத்தனை தேர்தல், எத்தனை ஊர்வலம், எத்தனை பொதுக்கூட்டம்! பீங்கான் ஊரின் வளர்ச்சி பற்றி மைக் கிழியப் பேசிய வேட்பாளர்களில், புதுக்கூரைப்பேட்டை என்று வாய்விட்டுச் சொல்லி ஓட்டுக் கேட்டவர் யார்? ஓட்டுச் சாவடிக்கு மேலே அந்தப் புகை போகாமல் எல்லாரும் சேர்ந்து ஊதிவிட்டார்கள்.

சினிமாக்காரர்களைத் திட்டுகிறாயே, அவர்களா விஷம் ஊற்றினார்கள் என்று கேட்கலாம். இல்லை. அவர்கள் செய்தது வேறு. காதலில் வில்லன் என்றால் கோட்டு சூட்டு போட்ட மாமனார், கொண்டை போட்ட மாமியார் என்று படம் படமாகக் காட்டி, வேட்டி கட்டிய கொலைகாரனை நம் கண்ணிலிருந்து மறைத்தார்கள். மறைந்தவன் சும்மா இருக்கவில்லை. கதை, வசனம் எல்லாம் அவனே எழுத ஆரம்பித்தான். 2012-இல் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். ‘நாடகக் காதல்’ என்று அதற்குத் தலைப்பும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு, தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலுமாக 200-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள்.

கூலிங் கிளாஸ்! எந்த ஊரில் நின்று பேசுகிறார்கள் பாருங்கள். ஒரு மனிதர் கூலிங் கிளாஸைச் சுழற்றி மாட்டியதற்காக அரை நூற்றாண்டாகப் பாலாபிஷேகம் நடக்கிற ஊரில். பணக்காரப் பெண்ணைக் கூலித் தொழிலாளி அறைந்தால் விசிலடித்த அதே கை, காலனிப் பையன் மூக்கில் கூலிங் கிளாஸைப் பார்த்ததும் தீப்பெட்டியைத் தேடுகிறது. அறைவதில் இவர்களுக்கு ஆட்சேபணை இருந்ததே இல்லை. அறைகிறவன் நம்மவனா என்பதுதான் கேள்வி. கண்ணகி தன் புருஷனிடம் அடி வாங்குகிற கல்பனாவாக இருந்திருந்தால் ஊருக்குச் சம்மதம். யாரைப் புருஷனாக வைத்துக்கொள்வது என்று அவளே முடிவுசெய்தாள், அதுதான் பொறுக்கவில்லை. ‘மன்னன்’ படத்து முதலாளியம்மாவும் அதே தப்பைத்தான் செய்தாள், தானே முடிவெடுத்தாள். அவளுக்குச் சமையலறை கிடைத்தது. இவளுக்கு அதுகூட இல்லை.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் பட்டியல் சாதி, அவரும் நன்றாகப் படித்துச் சம்பாதித்தவர். கூச்சல் எழுந்தது. அக்டோபரில் அரசு, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. கொலை செய்யக் கூடாது என்பதற்குப் பரிந்துரை வேண்டியிருக்கிறது. சமூக நீதியின் தலைமையகம் என்று நாம் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் மாநிலத்தில்.

தயாரிப்பாளர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறிவிட்டது. அவருக்கு மனசில்லாமல் இல்லை; நல்லவர்தான், பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர்கள் ஆட்களில்.

“தம்பி, கதை கனமா இருக்கு. ஆனா ஆடியன்ஸ் குடும்பத்தோட வர்றான். ரெண்டு பேரும் தப்பிச்சு மெட்ராஸ் வந்துடறாங்கன்னு மாத்து. பொண்ணுக்குக் கொஞ்சம் திமிரு வை, பையன் அடக்குறான். அப்பா மனசு மாறி வளைகாப்புக்கு வர்றாரு.”

“சார், அப்பாவுக்கு ஆயுள் தண்டனை.”

“எப்போ?”

“கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் கழிச்சு. உச்ச நீதிமன்றம் முடிக்க இருபத்திரண்டு.”

“அது சரி. இடைவேளை எங்கப்பா விடறது?”