நூலகத்தில் இந்த மாதம்

ஊர்க் கிளை நூலகத்தின் மாத நிலவரம் திருப்திகரம். அதிகம் வாசிக்கப்பட்டது தினத்தாள். நடுப்பக்கத்தை உருவிக்கொண்டு ஒரு பெரியவர் மூலைக்குப் போய்விட, மிச்சத்துக்கு மூவர் காத்திருந்தார்கள். அடுத்த இடம் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிக்கு, முந்தைய வாசகர் விடைகளைப் பேனாவால் டிக் அடித்து வைத்திருப்பதால் கூடுதல் மவுசு. ‘பொன்னியின் செல்வ’னில் மூன்றாம் பாகத்தைக் காணோம். வாசகர் வட்டக் கூட்டத்தில் சுண்டல் தீர்ந்ததும் விவாதமும் தீர்ந்தது.

இம்மாதப் பரிந்துரை: எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள். முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே. பிரதி பூட்டிய பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தில், இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவரும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறார். புத்தகத்தைக் கிழிக்காத, தாமதிக்காத, தொலைக்காத உத்தம வாசகர் அவர்தான்.