பாஸ் அவுட் ஆண்டு பலன்

இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்கு ஆறு மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை என்றால் நம் வீடுகளில் இரண்டு விசாரணைக் கமிஷன்கள் உட்காரும். ஒன்று சித்தப்பா தலைமையில். ‘கம்யூனிகேஷன் போதாது, ஆப்டிட்யூட் போதாது, செல்போனைக் கீழே வைத்தால்தானே உருப்படுவதற்கு’ என்று அது அறிக்கை தரும். இன்னொன்று ஜோசியர் தலைமையில். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை, நேரந்தான் சரியில்லை என்பார். நாலெழுத்து படித்தவர்கள் சித்தப்பா பக்கந்தான் சாய்வார்கள். ஆனால் கையில் இருக்கிற கணக்குகளைப் புரட்டிப் பார்த்தால், கிரகங்களின் பெயரை மட்டும் திருத்திக்கொண்டு ஜோசியர் பக்கம் போய் உட்காருவதுதான் நியாயம் என்று படுகிறது. முதல் வேலை விஷயத்தில் பிள்ளையின் சாமர்த்தியத்தைவிட, அது கல்லூரியை விட்டு வெளியே வந்த ஆண்டுக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

2021-22 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஓர் ஆண்டில் டி.சி.எஸ். சுமார் 1 லட்சம் புதுப் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. இரண்டே ஆண்டு கழித்து, 2023-24இல் இன்ஃபோசிஸ் எடுத்தது 11,900 பேர். டி.சி.எஸ்.ஸில் அதே ஆண்டில் மொத்த ஆள் கணக்கே 13,000க்கு மேல் குறைந்துபோனது. சித்தப்பா கமிஷனின் அறிக்கை உண்மையென்றால், இந்த இரண்டு ஆண்டுக்குள் இந்திய இளைஞர்களின் அறிவு ஏழில் ஒரு பங்காகச் சுண்டிப்போயிருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2022இல் முடித்தவரும் 2024இல் முடித்தவரும் படித்தது ஒரே 2017 பாடத்திட்டம். அதே யூனிட், அதே இரண்டு மார்க் கேள்வி, தேர்வுக்கு முந்தைய ராத்திரி ஜெராக்ஸ் கடையில் வாங்கிய அதே நோட்ஸ். இன்னும் சொல்லப்போனால், 2022இல் வெளியே வந்தவர்கள் சில செமஸ்டர்களை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதியவர்கள். அவர்களைத்தான் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அள்ளின.

அப்படியானால் பெயர்ந்த கிரகம் எது? அமெரிக்க மத்திய வங்கி. 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடந்த வட்டியை அது 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டது. கடன் வாங்குவது செலவு பிடிக்கிற காரியமானதும் அங்கே உள்ள வங்கிகளும் சில்லறை வணிக நிறுவனங்களும் புதிய மென்பொருள் திட்டங்களை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தன. வாஷிங்டனில் பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கை தூக்கியதன் பலன், விருத்தாசலத்தில் ஒரு வீட்டில் மாதாமாதம் எஜுகேஷன் லோன் நோட்டீஸாக வந்து விழுந்தது. சனிப்பெயர்ச்சியும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. திருக்கணிதப்படி 2023 ஜனவரியில், வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பரில். இரண்டு பஞ்சாங்கக்காரர்களுக்கும் ஒத்துப்போகாத சனியை நம்புகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். தேதியும் நேரமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நகர்கிற இந்த வாஷிங்டன் கிரகத்தைப் பற்றி எந்தக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லும் பிள்ளைகளிடம் வாய் திறப்பதில்லை.

சரக்குக்குத் தேவை குறைந்தால் விலை இறங்க வேண்டும் என்பது பாடப்புத்தகப் பொருளாதாரம். இங்கே விலை இறங்குவதற்கு இடமே இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஃபிரெஷருக்குத் தரும் அடிப்படைத் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. ஒன்பது கிரகமும் நகரும். இது மட்டும் துருவ நட்சத்திரம். சம்பளம் அசையாது என்றால் அசைய வேண்டியது ஆட்களின் எண்ணிக்கைதான். அதனால்தான் நல்ல ஆண்டில் கேம்பஸுக்குள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்கள், கெட்ட ஆண்டில் ஈமெயிலுக்குக்கூடப் பதில் போடுவதில்லை.

நம் ஊருக்கு மட்டும் வந்த வினையும் அல்ல இது. அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை பட்டம் பெற்றவர்களை லிசா கான் என்ற பொருளியலாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். மந்தமான ஆண்டில் வெளியே வந்தவர்கள், நல்ல ஆண்டில் வந்தவர்களைவிடப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவில் நடந்த இதேபோன்ற ஆய்வு, பாதிப்பு சுமார் பத்து ஆண்டில் தேய்ந்துவிடும் என்றது. ஏழரைச் சனிகூட ஏழரை ஆண்டில் விட்டுவிடும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

‘அதெப்படி? எவ்வளவு மோசமான ஆண்டிலும் கிளாஸ் டாப்பருக்கு வேலை கிடைக்கத்தானே செய்தது, அப்போது திறமைக்கு மதிப்பில்லையா?’ என்று சித்தப்பா கேட்பார். மதிப்பு உண்டு. ரேஷன் கடையில் விடிகாலையிலேயே வந்து வரிசையின் முன்னால் நிற்பவருக்குப் பாமாயில் கிடைக்கும். லாரியில் எத்தனை பாக்கெட் இறங்கியது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. திறமை தருவது வரிசையில் இடம். நல்ல ஆண்டில் எண்பதாவது ஆள்கூடக் கையில் பாக்கெட்டோடு வீடு திரும்புகிறார். கெட்ட ஆண்டில் பத்தாவது ஆள் வெறும் பையோடு. அந்தப் பத்தாவது ஆளைத்தான் உறவுக்காரர்கள் பிடித்துவைத்து, ‘எண்பதாவது ஆளைப் பார்த்துக் கத்துக்கோ’ என்று அறிவுரை சொல்கிறார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் வேலைகளுக்கு லாயக்கில்லை என்று 2019இல் ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. வேலைத் தகுதித் தேர்வு நடத்துவதே அந்த நிறுவனத்தின் தொழில் என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். அதற்காக அறிக்கையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. குறை உண்மைதான். லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, இறுதியாண்டு புராஜெக்டைப் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, அது என்ன செய்கிறது என்பதை வைவாவுக்கு அரைமணி முன்னால் அந்தக் கடைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களை இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆனால் அறிக்கை வந்த மூன்று ஆண்டுக்குள், லாயக்கில்லாதவர்கள் என்று எண்ணப்பட்ட அதே கூட்டத்திலிருந்து லட்சக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். எடுத்த கம்பெனி எதுவும் மூழ்கவில்லை. லாபந்தான் வந்தது. எப்போதும் இருக்கிற குறையை வைத்து, ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற ஒன்றுக்குக் காரணம் காட்ட முடியாது.

ஐ.டி.தான் இப்படி, கோர் கம்பெனி அப்படியில்லை என்று மெக்கானிக்கல்காரர்கள் கொஞ்ச காலம் மார்தட்டினார்கள். 2019இல் வண்டி விற்பனை படுத்தபோது கார், லாரி ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாகச் சொன்னது. கோருக்கும் தனிச் சனி உண்டு.

ஆண்டின் ஆதிக்கம் இவ்வளவு என்றால் ஆண்டைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். தோன்றுவதுதான் ஆபத்து. கவுன்சலிங்கில் உட்காரும் குடும்பம் அன்றைய செய்தியைப் பார்த்து டிப்பார்ட்மென்டை முடிவு செய்கிறது; சரக்கு சந்தைக்கு வருவது நான்கு ஆண்டு கழித்து. 2021இல் ஐ.டி.யில் ஆள் எடுத்த வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும் வேண்டும் என்று முண்டியடித்தவர்கள் 2025இல் வெளியே வந்தார்கள். அதற்குள் கம்பெனிகள் அதே செயற்கை நுண்ணறிவைக் காட்டி, ஆள் எதற்கு என்று கேட்க ஆரம்பித்திருந்தன. ரிச்சர்ட் ஃபிரீமன் என்ற பொருளியலாளர் 1976லேயே அமெரிக்கப் பொறியாளர்களை வைத்து இந்தச் சுழலை விளக்கிவிட்டார்: சம்பளம் ஏறும்போது கூட்டம் சேரும், கூட்டம் வெளியே வரும்போது சம்பளம் விழும், விழுந்ததைப் பார்த்து அடுத்த கூட்டம் ஒதுங்கும், அது ஒதுங்கியதால் மறுபடி ஏறும். எல்லாரும் ஒரே சமயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதால் வருகிற கஷ்டம் இது.

சரி, பரிகாரம்? வசதியுள்ளவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கெட்ட ஆண்டு என்று தெரிந்ததும் எம்.இ.யிலோ எம்.பி.ஏ.யிலோ போய் இரண்டு ஆண்டு ஒளிந்துகொள்வது. வெளியே வரும்போது புது பாஸ் அவுட் ஆண்டு, புது ஜாதகம். வசதியில்லாதவருக்கு அந்த வழி இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு; வேலைக்குக் காத்திருக்கிற காலத்தின் சாப்பாட்டுக்கும் விடுதி வாடகைக்கும் சலுகை கிடையாது. அவர் வேளச்சேரியில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கி, ஜாவா கோர்ஸ் படித்துக்கொண்டு, கிரகம் திரும்பக் காத்திருக்கிறார். கிரகமும் ஒரு நாள் திரும்புகிறது. விளம்பரம் வருகிறது. அதில் ஒரு வரி: ‘இந்த ஆண்டு பேட்ச் மட்டும் விண்ணப்பிக்கவும்.’

இந்த வரியைத்தான் என்னால் எப்படிப் புரட்டிப் பார்த்தும் ஏற்க முடியவில்லை. விண்ணப்பங்கள் மலையாகக் குவிகின்றன, எதையாவது வைத்துக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கம்பெனிக்காரர் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அது உண்மையான பதில். ஆனால் அவர் சொல்வது வேறு: படித்து முடித்து இரண்டு ஆண்டாகிவிட்டதால் அறிவு துருப்பிடித்திருக்குமாம். இதே மனிதர்தான் மேடைகளில், கல்லூரியில் பிள்ளைகள் ஒன்றுமே கற்பதில்லை, நாங்கள்தான் மாதக்கணக்கில் அரிச்சுவடியிலிருந்து பயிற்சி தருகிறோம் என்று வருத்தப்படுகிறவர். மைசூரில் இன்ஃபோசிஸ் இதற்கென்றே ஒரு நகரம்போல வளாகம் கட்டி வைத்திருக்கிறது. ஒன்றுமே கற்காதவரிடம் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு குற்றச்சாட்டில் ஏதாவது ஒன்றைத்தான் சுமத்த வேண்டும்.

பேட்ச் வரியைத் தாண்டி உள்ளே போய்விட்டாலும் ஹெச்.ஆர். ரவுண்டில் ஒரு கேள்வி காத்திருக்கும்: ‘நடுவே இரண்டு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?’ 2022இல் முடித்தவர்களில் ஏராளமானோர் ஒரு பெரிய கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் தேதிக்காக ஒன்றரை, இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு கம்பெனியில் அந்தக் கேள்வி வரும்போது அவர்கள் சொல்லக்கூடிய உண்மையான பதில் ஒன்றுதான்: ‘சார், வேலையிலதான் இருந்தேன். ஜாயினிங் டேட் மட்டும் வரல.’