கீரிப்பிள்ளையும் கட்டியக்காரனும்

வா பேராண்டி, உக்காரு. பதிவுப் பொட்டிய கீழ வைக்காத, ஆடு மோந்து பாக்கும். இன்னா வெலைன்னு கேக்க மாட்டேன். கேட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. மேலச்சேரி திரௌபதியம்மன் கூத்தைப் பதிவு பண்ண வந்திருக்கியாமே! நல்ல காரியம். முப்பது வருஷம் இந்தச் செஞ்சி சுத்துவட்டாரத்துல மைக் செட் கட்டினவன் நான். குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கினு புளியமரம் ஏறி எறங்கித் தேஞ்ச முட்டி இது. ரெண்டு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு.

கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பம். களரி கட்டும்போது மத்தளமும் முகவீணையும் தாளமும் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பொண்ணாட்டம் அடக்கமாத்தான் பேசும். "ஆகா, இதான் அளவு"ன்னு திருகைத் திருகி வச்சிட்டு நீ டீ குடிக்கப் போயிடு. ரெண்டு மணிக்கு பீமன் வருவான். தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, கால்ல சலங்கை. ஒரு மிதி மிதிச்சான்னா உன் மீட்டர் வெத்தலை போட்ட வாயாட்டம் செவந்துடும். எங்க காலத்து டேப்பு கொஞ்சம் பொறுத்துக்கும், கரகரன்னாவது பாடும். உன் டிஜிட்டலுக்கு ஈவு எரக்கம் இல்ல. பூஜ்ய டெசிபலுக்கு மேல எது போனாலும் தலைய வெட்டிடும், வெட்டினது திரும்ப ஒட்டாது. 24 பிட் வச்சிருக்கியே, கீழ அவ்ளோ எடம் கெடக்குதே, மைனஸ் 18 பக்கமா அளவை வச்சா உன் கௌரவம் கொறைஞ்சிடுமா?

நான் பதிவு பண்ண லட்சணத்தையும் கேளு. தொண்ணூறு நிமிஷக் கேசட்டு, ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிஷம். துச்சாதனன் பாஞ்சாலி சேலையில கைய வச்சான், கேசட்டு 'டக்'குன்னு நின்னுச்சி. நான் எடுத்து, ஊதி, பொரட்டிப் போட்டு பொத்தானை அமுக்கறதுக்குள்ள கண்ணன் வந்து மானத்தைக் காப்பாத்திட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக் கேசட்டுல பாஞ்சாலிக்கு ஆபத்தே கெடையாது. உனக்கு அந்தக் கவலை இல்லதான். 48 கிலோஹெர்ட்ஸ்ல ரெண்டு தடத்துக்கு மணிக்கு ஒரு ஜிபிதான் ஆவும், ஒரு ராத்திரி எட்டு ஜிபியில அடங்கிடும். ஆனா உன் மைக்குக்கு 48 வோல்ட் ஊட்டிக்கினே இருக்கணுமே! விடியறதுக்குள்ள பேட்டரி பசியில மயங்கும். அப்ப போய் ஜெனரேட்டர்ல ஒயரைச் சொருகிடாத. 50 ஹெர்ட்ஸ் உறுமல் விடியிற வரைக்கும் கூடவே பின்பாட்டுப் பாடும். சம்பளம் கேக்காத பின்பாட்டுக்காரன் அது ஒண்ணுதான். கூட நாலு பேட்டரி எடுத்துக்கினு வா.

மைக்கு எங்க வைக்கறதுன்னு கேக்கற. ரெண்டு மைக்குக்கும் நடுவுல 17 சென்டிமீட்டர் எடவெளி, 110 டிகிரி கோணம். பிரான்சு வானொலிக்காரங்க போட்ட கணக்கு. அந்தத் தூரம் ஏறக்கொறைய நம்ம ரெண்டு காதுக்கு நடுவுல இருக்கற தூரம்தான். அதனால காது எங்க ஒக்காந்திருக்குதோ அங்க வை. முன்வரிசையில பாய் விரிச்சிருக்கற கெழவிங்களுக்குப் பக்கத்துல நில்லு. அவங்களுக்குத் தெரியாத நல்ல எடமா? குழாய்க்கு எதிர்ல நின்னியோ, குழாயைத்தான் பதிவு பண்ணிக்கினு போவே. 170 மீட்டர் தள்ளிப் பாறைக்குன்னு ஒண்ணு இருந்தா, போன சத்தம் ஒரு நொடியில திரும்பி வரும். நம்ம ஊர்ல குன்னுக்கா பஞ்சம்?

காத்துக்கு மைக்கு மேல மாட்ட மயிர் தொப்பி கொண்டாந்திருக்கியே, அதுதான் எனக்குப் புடிச்சது. கூத்துக் கோமாளி கட்டியக்காரன் கண்ணுல பட்டா விடுவானா? "கம்புல கீரிப்பிள்ளைய மாட்டிக்கினு நிக்கறாரே, இவரு எந்தூரு ராஜா?"ன்னு கேப்பான். ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும், நீயும் சிரி. அந்தச் சிரிப்பையும் கொழந்தை அழுகையையும் சுண்டல்காரன் கூவலையும் அப்பறமா கம்ப்யூட்டர்ல ஒக்காந்து தொடச்சிட்டேன்னா, பாஞ்சாலி ஆளில்லாத மைதானத்துல அழுதுக்கினு இருப்பா.

உனக்கு முன்னாடியே ஒருத்தரு வந்துட்டாரு. ஆல்ஃப் ஹில்டபைடல்னு அமெரிக்கப் பேராசிரியர். மேலச்சேரி அம்மனைத் தேடி வந்து, 1988-ல 'செஞ்சியிலேர்ந்து குருக்ஷேத்திரம் வரை'ன்னு தலைப்பு வச்சி தடிப் புத்தகம் போட்டாரு, 1991-ல இன்னொண்ணு. படமும் எடுத்தாரு. அவரு அங்கேர்ந்து குருக்ஷேத்திரம் வரைக்கும் வழி கண்டுபுடிச்சாரு. உனக்கு திண்டிவனத்துலேர்ந்து செஞ்சிக்கே போன் வழி சொல்லணும்.

1714-ல நம்ம செஞ்சி தேசிங்குராஜா ஆற்காட்டு நவாபை எதிர்த்துப் போயி செத்தானே, அன்னைக்கு எவன் மைக்கு நீட்டினான்? அந்தக் கதைய முந்நூறு வருஷமா வாயாலதான் காப்பாத்தி வச்சிருக்கோம். அந்த வாய்க்கு நீ மரியாதை பண்ணணும். மொதல்ல கூத்து வாத்தியார்கிட்ட கேளு. எதுக்கு, எங்க போடப் போற, காசு வந்தா யாருக்குன்னு பளிச்சின்னு சொல்லு. பதிவுல ஒரு பிரதி அவங்களுக்கும் குடு.

நாளைக்கு ராத்திரி களரி கட்டறாங்க. ஏழு மணிக்கே வந்துடு. வரும்போது வாத்தியாருக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கிக்கினு வா. எனக்குப் பாக்கு மட்டும் போதும்.