ஓசிப் பீப்பாய் மகாத்மியம்

ஷெர்ரி பீப்பாயில் ஊறிய சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கிளாஸில் விட்டு, மூக்கை உள்ளே நுழைத்து, "உலர்திராட்சை... அத்தி... ஆரஞ்சுத் தோல்... கடைசியில் லேசாகக் கிராம்பு" என்று கண்ணை மூடி ஓதுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மோந்து பார்ப்பது ஸ்காட்லாந்துக்காரனின் கஞ்சத்தனத்தை.

கதை திருட்டில் ஆரம்பிக்கிறது. 1587-இல் பிரான்சிஸ் டிரேக் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களைக் கொளுத்தினார். வந்தது வந்தோம் என்று ஷெர்ரி ஒயினையும் கிளப்பிக்கொண்டு போனார். ஷெர்ரி செய்யும் ஜெரஸ் ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு 2,900 பீப்பாய். எதிரியின் சரக்கென்றால் இங்கிலாந்துக்காரனுக்குத் தனி ருசி. அப்புறம் காசு கொடுத்தே வாங்கினான், கப்பல் கப்பலாக.

குடித்தாயிற்று. 500 லிட்டர் பிடிக்கும் காலிப் பீப்பாயை என்ன செய்வது? திருப்பி அனுப்பினால் கப்பல் கூலி தண்டம். பிரிஸ்டல், லீத் துறைமுகங்களில் அடிமாட்டு விலைக்குப் போனது. ஸ்காட்லாந்துக்காரன் விடுவானா?

அவனுக்கு அன்றைக்கு வேறு தலைவலியும் இருந்தது: வரி. 1822-இல் எடின்பரோ வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆசைப்பட்டுக் கேட்டது கிளென்லிவெட் விஸ்கி. அது கள்ளச் சரக்கு. தன் கஜானாவுக்கு நாமம் போட்ட சரக்கைத் தானே கேட்டுக் குடித்த புண்ணியவான்! மறுவருஷமே சட்டம் தளர்ந்தது. 10 பவுன் கட்டினால் லைசென்ஸ். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் 1824-இல் முதலில் கட்டியவர் ஜார்ஜ் ஸ்மித். "துரோகி, உன் ஆலையைக் கொளுத்துகிறோம்" என்று அக்கம்பக்கத்துக் கள்ளச் சாராயக்காரர்கள் கிளம்பினார்கள். வரி கட்டிய பாவத்துக்கு மனுஷன் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிந்தார்.

காய்ச்சி இறக்கிய விஸ்கி பச்சைத் தண்ணீர் நிறம். வைக்க ஏதாவது பாத்திரம் வேண்டுமே என்றுதான் அந்த மலிவு ஷெர்ரி பீப்பாயில் ஊற்றினார்கள். வருஷங்கள் கழித்துத் திறந்தால் செம்பழுப்பு நிறம், திராட்சை வாசம். கஞ்சனுக்கு அடித்தது லாட்டரி.

1980-களில் ஸ்பெயின்காரன் விழித்துக்கொண்டான்: ஷெர்ரியை இங்கேயே பாட்டிலில் அடைத்துத்தான் அனுப்புவோம். ஓசிப் பீப்பாய்க்கு முற்றுப்புள்ளி. இப்போது ஜெரஸில் ஓக் பீப்பாயைப் புதிதாகச் செய்து, ஒன்றரை, இரண்டு வருஷம் ஷெர்ரியை ஊறவைத்து, பிறகு அதைக் கவிழ்த்துவிட்டு, காலிப் பீப்பாயைக் கப்பலேற்றுகிறார்கள். வேலை முடிந்த ஷெர்ரியில் ஒரு பங்குக்கு வினிகர் யோகம். ஒரு காலத்தில் டிரேக் கொள்ளையடித்துக்கொண்டு போன ஒயின் இது!

பீப்பாய் விலை ஏறியதும் பழைய சிக்கன மூளை மறுபடி வேலை செய்தது. முழு ஆயுளும் எதற்கு, கடைசியில் கொஞ்சம் போதுமே? பால்வெனி ஆலையின் டேவிட் ஸ்டூவர்ட் 1980-களில் இதைச் செய்து காட்டினார். 1993-இல் அவருடைய டபுள்வுட் வந்தது. இப்படிக் கடைசியில் மட்டும் பீப்பாய் மாற்றுவதற்குத்தான் ஃபினிஷ் என்று பெயர். டபுள்வுட்டை வருஷக்கணக்காக வளர்த்து ஆளாக்குவது அமெரிக்க பர்பன் விஸ்கி ஊறிய பீப்பாய். ஷெர்ரி பீப்பாய் ஒன்பது மாதம் வைத்திருக்கும். பத்து மாதம்கூடச் சுமக்கவில்லை. ஆனால் குடிப்பவன் முதல் மடக்கிலேயே பேரைத் தூக்கி அந்த ஷெர்ரி அம்மாளுக்குத்தான் கொடுக்கிறான்.